ஒரு தாள் கனம்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்டில்பூல் என்றொரு துறைமுக ஊர். அங்கே மூன்று பாய்மரங்களோடு ஒரு பழைய போர்க்கப்பல் இன்றும் மிதக்கிறது. பெயர் ‘டிரிங்கோமலி’, திருகோணமலையின் பெயரைத் தாங்கியது. பம்பாய்க் கப்பல் பட்டறையில் பார்சி இனத்துத் தலைமைக் கட்டுநர் ஜாம்ஷெட்ஜி போமன்ஜி வாடியா கட்டிய கப்பல் இது. 1817 அக்டோபர் 12 அன்று தண்ணீரில் இறங்கியது. மரம் முழுக்க மலபார்த் தேக்கு. பிரிட்டனில் இப்போதும் மிதக்கும் போர்க்கப்பல்களில் இதுதான் மூத்தது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் உப்புநீரையும் பனியையும் பார்த்த பிறகும், அதன் உடலில் பாதிக்கு மேல் அந்தப் பழைய மரமேதான்.

இவ்வளவு உழைக்கும் மரம், வெயிலில் ஓராண்டு கிடந்தால் போதும், நிறம் மாறிவிடும். பொன்பழுப்பு மங்கி, சாம்பல் பூத்து, கைபட்டால் சொரசொரக்கும். படகின் மேல்தளத்துக்கும் இதே கதி. ஏற்காட்டை அடுத்த மஞ்சக்குட்டைப் பக்கம் மழையும் பனிமூட்டமும் மாறிமாறிப் படும் ஒரு வீட்டுத் திண்ணையில் தேக்குப் பெஞ்சு போட்டுவைத்தால் அதற்கும் இதே கதி. மரம் செத்துவிட்டது என்றுதான் பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். உடனே உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத் தொடங்குகிறார்கள். அதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: கெட்டது எவ்வளவு ஆழம்?

விடை நம்பச் சிரமமானது. சூரியனின் புற ஊதாக் கதிர் மரத்துக்குள் ஏறக்குறைய 75 மைக்ரான் ஆழம்தான் போகும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நாம் எழுதும் சாதாரண வெள்ளைத்தாளின் கனமே சுமார் 100 மைக்ரான். கண்ணுக்குத் தெரியும் ஒளி இன்னும் கொஞ்சம் உள்ளே, 200 மைக்ரான் வரை நுழையும். அவ்வளவுதான். அந்தச் சாம்பல் நிறம் முழுவதும் ஒன்றிரண்டு தாள்களின் கனத்துக்குள் அடங்கிவிடுகிறது. அதற்குக் கீழே மரம், வெட்டிய நாளில் இருந்த மாதிரியே இருக்கிறது.

அந்த ஒரு தாள் கனத்துக்குள் நடப்பது சாதாரண வேலையல்ல. மரம் என்பது இரண்டு பொருள்களின் கூட்டணி. ஒன்று செல்லுலோஸ், பருத்தி நூலும் அதுதான். நீண்ட, வெளுத்த, இழுவைக்கு அசையாத இழை. இன்னொன்று லிக்னின், அந்த இழைகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்து மரத்தை நிமிர்ந்து நிற்கவைக்கும் பசை. மரத்தின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்தப் பசைதான். செல்லுலோஸை வெயில் அவ்வளவாகச் சீண்டுவதில்லை. லிக்னினோ புற ஊதாக் கதிரை விழுங்கி, விழுங்கிய சக்தியாலேயே உடைகிறது. உடைந்த துண்டுகள் நீரில் கரையும். அடுத்த மழை அவற்றைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. பசை போன பிறகு மேலே மிஞ்சுவது வெறும் செல்லுலோஸ் இழை. பழைய பெஞ்சை நகத்தால் கீறினால் எழும் அந்த வெண்சாம்பல் பஞ்சு, வேதியியல்படி பருத்திக்கு நெருங்கிய உறவு.

பருத்தி வெள்ளைதானே, சாம்பல் எங்கிருந்து வந்தது? பூஞ்சணத்திடமிருந்து. ஆரியோபசிடியம் என்ற கரும்பூஞ்சணம் உலகெங்கும் காற்றில் திரிகிறது. லிக்னின் உடைந்து சிதறிய துண்டுகளே அதற்கு உணவு. வெயில் சமைக்க, மழை பரிமாற, பூஞ்சணம் உண்ணுகிறது. அதன் கருநிறச் செல்கள் வெண்ணிழைக்கு நடுவே கோடிக்கணக்கில் குடியேறும்போது நமக்குத் தெரிவது சாம்பல். மலையில் இது இன்னும் வேகமாக நடக்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிரின் வீரியம் சுமார் பத்து சதவீதம் கூடும். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். அடிவாரத்துச் சேலத்தைவிட அதிக வெயில்வீச்சும், சேலத்தில் இல்லாத பனிமூட்டமும் ஒரே பலகைமேல் விழுகின்றன.

மேல்தோல் இப்படி என்றால், உள்ளே மரம் ஏன் அழுகுவதில்லை? தேக்கின் ரகசியத்தைத் தெரிந்துகொள்ள ஆய்வகம் வேண்டாம். இளம் தேக்கிலையைக் கையில் கசக்கிப் பார்த்த எந்தக் கிராமத்துப் பிள்ளைக்கும் உள்ளங்கை சிவந்து போனது நினைவிருக்கும். வேதிப்பொருள்களைத் தயாரித்துச் சேமிப்பது இந்த மரத்தின் பிறவிக் குணம். தண்டு முற்றி வைரம் பாயும்போது மரம் தன் நீர்க்குழாய்களைத் தானே அடைக்கிறது. பக்கத்துச் செல்கள் குழாய்ச் சுவரின் துளை வழியாகப் பலூன்போல் உள்ளே புடைத்து வழியை மூடிவிடும். டைலோஸ் என்று இந்த அடைப்புக்குப் பெயர். கூடவே எண்ணெய்ப் பசையும், கொஞ்சம் இயற்கை ரப்பரும், டெக்டோகுயினோன் என்ற பொருளும் வைரத்தில் சேர்கின்றன. டெக்டோகுயினோன் கறையானுக்கு ஆகாது. ரப்பரும் எண்ணெயும் நீரைத் தள்ளும். பச்சை மரம் முழுக்கக் காயும்போது அமெரிக்க வெள்ளை ஓக் அகலவாட்டில் பத்து சதவீதத்துக்கு மேல் சுருங்கும். தேக்கு ஆறு சதவீதத்துக்குள் நின்றுவிடும். நனைந்தும் காய்ந்தும் மாறிக்கொண்டே இருக்கும் படகுப் பலகைக்கு இதைவிடப் பெரிய தகுதி வேறில்லை.

இரும்போடும் இது ஒத்துப்போகும். ஓக் மரத்தின் அமிலம் இரும்பு ஆணியை அரித்துத் தின்னும். தேக்கின் எண்ணெய்ப் பசையோ ஆணியைக் காக்கும். 1860-இல் பிரிட்டன் ‘வாரியர்’ என்ற இரும்புக் கவசக் கப்பலை நீரில் இறக்கியபோது, நாலரை அங்குல இரும்புத் தகட்டுக்குப் பின்னால் 18 அங்குலம் தேக்கு வைத்தார்கள். ஒன்றரை அடி! குண்டின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது மரத்தின் வேலை. பிற்காலத்தில் ‘வாரியர்’ புதுப்பிக்கப்பட்டதும் அதே ஹார்டில்பூலில்தான்.

இன்னும் பழைய சான்று செங்கடற்கரையில் இருக்கிறது. எகிப்தின் பெரனிகே, ரோமானியர் காலத்தில் நம் மிளகு போய் இறங்கிய துறைமுகம். தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடும் அங்கே கிடைத்திருக்கிறது. அந்தப் பாலைவன ஊரை அகழ்ந்தவர்கள் கட்டடச் சுவர்களுக்குள் இந்தியத் தேக்கைக் கண்டார்கள். பழைய கப்பல்களைப் பிரித்து, அந்தப் பலகைகளையே வீட்டுக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கப்பல் ஆயுள் முடிந்தும் மரத்தின் ஆயுள் முடியவில்லை.

சரி, சாம்பலைக் கழுவுவோம். முதல் பாடம், எந்தத் திசையில் தேய்ப்பது என்பது.

தேக்கு கோடையில் இலை உதிர்த்து நிற்கும் மரம். முதல் மழை கண்டதும் துளிர்த்து, தாகத்தோடு தண்ணீர் இழுக்க அகலமான குழாய்களை வரிசையாக உண்டாக்கும். அந்தப் பகுதி மென்மையானது, துளை மிகுந்தது. மழைக்காலம் போகப்போக உருவாகும் மரம் நெருக்கமாகவும் கெட்டியாகவும் இருக்கும். பலகையில் நாம் ரசிக்கும் ரேகை இந்த இரண்டும் அடுத்தடுத்து வருவதால் உண்டானது. ஒவ்வொரு மெல்லிய வரியும் என்றோ ஒரு காட்டில் பெய்த ஓர் ஆண்டின் முதல் மழை. இப்போது முரட்டுப் பிரஷ்ஷை எடுத்து ரேகையோடு ஓட்டமாகத் தேய்த்தால், பிரஷ்ஷின் மயிர்கள் அந்த மென்வரிகளுக்குள் பாய்ந்து தோண்டியெடுக்கும். கெட்டி வரிகள் மட்டும் மேடாக நிற்கும். வாய்க்காலும் வரப்புமாக ஆன பலகையில் அழுக்கும் நீரும் தங்கும், பூஞ்சணம் இன்னும் செழிக்கும். ஆகவே படகுக்காரர்கள் ரேகைக்குக் குறுக்கே, மென்மையான பிரஷ் அல்லது தேங்காய் நார்க் கத்தையால், கை அழுத்தாமல் தேய்ப்பார்கள். குறுக்கே போகும்போது கெட்டி வரிகளே மென்வரிகளுக்குக் காவல். பீய்ச்சியடிக்கும் பிரஷர் பம்ப்பைத் தேக்கின் பக்கம் கொண்டுவரவே கூடாது என்பேன். பத்து நிமிடத்தில் அது பத்து வருடத் தேய்மானத்தைச் செய்துவிடும்.

அழுக்கு மேலோட்டமானது என்றால் கொஞ்சம் சோப்பு, நிறையத் தண்ணீர் போதும். பழைய எண்ணெய்ப் பூச்சு கறுத்து இறுகிப்போயிருந்தால்தான் வேதியியலைக் கூப்பிட வேண்டும். கடையில் விற்கும் தேக்குக் கழுவிகள் பெரும்பாலும் இரண்டு பாட்டில்களாக வரும். முதலாவது காரம். சலவைச் சோடாவோ, இன்னும் கடுமையானதென்றால் காஸ்டிக் சோடாவோ அதில் இருக்கும். காரம் பழைய எண்ணெயைப் பிடித்துச் சோப்பாக மாற்றும். சோப்பு நீரோடு போகும். காரம் பட்டதும் மரம் திடுமெனக் கறுத்துச் சிவப்பேறும். பார்க்கிறவருக்குப் பகீரென்றிருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பைக் கலந்தால் குபுக்கெனச் சிவக்கிறதே, அதே வேதியியல். மஞ்சளின் நிறப்பொருளும் தேக்கின் நிறப்பொருள்களும் பீனால் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. காரம் பட்டால் கறுக்கும், புளிப்புப் பட்டால் வெளிறும். ஆரத்தி நீரில் எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சளாவது போல, இரண்டாவது பாட்டிலின் அமிலம் பட்டதும் பலகை பொன்னிறத்துக்குத் திரும்பும். நின்று பார்க்க வேண்டிய காட்சி அது. பிரஷ் போகும் வழியெல்லாம் நிறம் மாறிக்கொண்டே வரும்.

ஓர் எச்சரிக்கை இங்கே அவசியம். கடுங்காரம் அழுக்கை மட்டும் எடுப்பதில்லை. மரம் தனக்கென்று சேர்த்துவைத்த எண்ணெயையும் பீனால்களையும் சேர்த்தே உறிஞ்சிக்கொண்டு போகும், மிஞ்சிய லிக்னினையும் இளக்கும். காட்டில் பல பத்தாண்டுகள் நின்று ஒரு மரம் சேமித்ததை ஒரு மதியத்தில் சாக்கடைக்கு அனுப்புவது எனக்குச் சம்மதமில்லை. சலவைச் சோடாவில் போகிற அழுக்குக்குக் காஸ்டிக் சோடா வேண்டாம்.

அந்த இரண்டாவது பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் ஆக்சாலிக் அமிலம். ஏற்காட்டுத் தோட்டங்களில் காலடியில் படரும் மூவிலைப் புளியாரையை வாயிலிட்டால் உணரும் புளிப்பு இதுதான். கருணைக்கிழங்கு நாக்கை அரிப்பதற்கும் இதன் சுண்ணாம்பு உப்புப் படிகங்கள்தான் காரணம். நிறத்தைத் திருப்புவதோடு இதற்கு இன்னொரு திறமையும் உண்டு: இரும்புக் கறையைப் போக்கும்.

தேக்கு ஆணியை அரிப்பதில்லை என்றாலும், ஈரத் தேக்கின்மேல் ஓர் இரும்புத் துகள் கிடந்தால் மறுநாள் அந்த இடம் நீலங்கறுப்பாகியிருக்கும். மரத்தின் பீனால்களும் இரும்பும் சேர்ந்து மை உண்டாக்கிவிடுகின்றன. கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு விழுவதும் இப்படித்தான். கடுக்காய்ச் சாற்றில் ஊறிய துணியில், வெல்லத்தோடு ஊறவைத்த துருநீரைத் தூரிகையால் இழுத்தால் கோடு கன்னங்கரேலென்று பிறக்கும். கலம்காரி ஓவியர் விரும்பி வரவழைக்கும் கறுப்பு, படகில் வேண்டாத விருந்தாளி. ஆக்சாலிக் அமிலம் இரும்பணுவைப் பீனாலின் பிடியிலிருந்து பிரித்து, நீரில் கரையும் சேர்மமாக்கித் தன்னோடு அழைத்துக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 முதல் 100 கிராம் போட்டுக் கரைத்து, பூசி, கால்மணி நேரம் விட்டுக் கழுவுவது வழக்கம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கீரையில் சிறிதளவு இருப்பது வேறு, பொடியாகக் கையாளுவது வேறு. வயிற்றுக்குள் போனால் நஞ்சு. எஃகுக் கம்பளியால் தேக்கைத் தேய்க்கவே கூடாது என்பதற்கும் காரணம் இந்த மைதான். உடைந்த கம்பித் துகள் ஒவ்வொன்றும் ஒரு கரும்புள்ளியாக முளைக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் பலகை சொரசொரப்பாக இருந்தால் உப்புத்தாள். அதில் ஒட்டியிருக்கும் துகள் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு; பாக்சைட் பாறையை மின் உலையில் உருக்கிச் செய்வது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் உச்சியில் கிடப்பதும் பாக்சைட்தான். மலையிலிருந்து வெட்டிய பாறை பல ஆண்டுகள் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனது. இவ்வளவு கடினமான துகள் தேக்குக்குத் தேவைதான். அதன் உடலில் நுண்ணிய சிலிக்கா, அதாவது மணலின் பொருள், கலந்திருக்கிறது. தேக்கு அறுத்தால் ரம்பம் சீக்கிரம் மழுங்குகிறது என்று தச்சர்கள் சொல்வது இதனால்தான்.

கணக்குப் பார்க்க வேண்டிய இடம் இது. வெயில் கெடுத்தது 75 மைக்ரான். மேடுபள்ளம் போக ஒருமுறை நன்றாக இழைத்தால் அரை மில்லிமீட்டர், அதாவது 500 மைக்ரான், போய்விடும். சூரியன் எடுத்ததைப்போல் ஆறேழு மடங்கை நாமே எடுத்துவிடுகிறோம்! இக்காலத்துப் பாய்மரப் படகுகளின் மேல்தளத் தேக்கு பத்து மில்லிமீட்டர் கனம் இருந்தாலே அதிகம். அதிலும் பலகைகளுக்கு நடுவே கறுப்பாக ஓடும் ரப்பர்ப் பசைக்கு வெட்டிய பள்ளம் பாதி ஆழத்தை எடுத்துக்கொள்ளும். திருகாணி அடித்த இடங்களில் ஆணித்தலைக்கு மேல் வட்டமாக ஒரு சிறு மரக்கட்டை வைத்து மூடியிருப்பார்கள். நாலைந்து முறை இழைத்ததும் அந்தக் கட்டை வில்லையாகி, ஒருநாள் பெயர்ந்து ஆணித்தலை பளிச்சிடும். அப்புறம் அது வழியாக நீர் இறங்கும். மழைநீர் உள்ளே போனபின் கெடுவது தேக்கல்ல. அதற்கு அடியில் இருக்கும் சாதாரண மரம். பழைய ஆணியைக் கழற்றி, குழியை ஆழப்படுத்தி, புதுக் கட்டையை ரேகை பார்த்து ஒட்டுவது நுணுக்கமான கைவேலை. ஒட்டும் முன் அசிட்டோன் தொட்ட துணியால் துடைப்பார்கள். இல்லாவிட்டால் தேக்கின் எண்ணெய் பசையைப் பிடிக்க விடாது.

கடைசியாக எண்ணெய். ‘தேக்கு எண்ணெய்’ என்று டப்பாவில் விற்பது தேக்கிலிருந்து பிழிந்ததல்ல. பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெயோ துங் எண்ணெயோ, கூடக் கொஞ்சம் கரைப்பானும் பிசினும். ஏன் ஆளிவிதை, வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெய் ஆகாதா? ஆகாது. எண்ணெய் மூலக்கூறுகளில் இரட்டைப் பிணைப்புகள் என்ற கொக்கிகள் உண்டு. அவை காற்றின் ஆக்சிஜனைப் பிடித்து, பக்கத்து மூலக்கூறோடு கைகோத்து வலையாகும். அந்தக் கொக்கிகளை அளக்க அயோடின் எண் என்றொரு கணக்கு இருக்கிறது. தேங்காய் எண்ணெய்க்கு அது சுமார் 10. நல்லெண்ணெய்க்கு 110 அளவில். ஆளிவிதை எண்ணெய்க்கு 170-க்கு மேல். அதனால்தான் கதவில் தடவிய தேங்காய் எண்ணெய் மாதக்கணக்கில் பிசுபிசுத்துத் தூசியை வாங்க, ஆளிவிதை எண்ணெய் சில நாளில் கெட்டிப்படுகிறது. நாம் காய்கிறது என்று சொன்னாலும் இது நீர் ஆவியாகிக் காய்வது போன்றதல்ல. ஆக்சிஜனை வாங்கிக்கொள்வதால் எடை கூடத்தான் செய்கிறது.

ஆனால் ஆளிவிதை எண்ணெய் பூஞ்சணத்துக்கும் உணவு. ஈரக்காற்று நாட்டில் அது பொன்னிறத்தைச் சில மாதம் நிறுத்திவைத்துவிட்டு, பிறகு கறுத்துக் கோரமாகும். அப்புறம் மறுபடி காரம், மறுபடி அமிலம், மறுபடி ஒரு தாள் கனம். கடலோடிகளில் பலர் எண்ணெயே பூசாமல், உப்புநீரால் மட்டும் தளத்தைக் கழுவி, சீரான வெள்ளிச் சாம்பலாக விட்டுவிடுகிறார்கள். உப்பு பூஞ்சணத்தைக் கட்டுப்படுத்தும்; காற்றின் ஈரத்தை வாங்கிப் பலகை சுருங்காமலும் பார்த்துக்கொள்ளும். மரத்தின் பக்கம் நின்று யோசித்தால் அவர்கள் செய்வதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. உப்புக்காற்று எட்டாத மஞ்சக்குட்டையில் அந்த வசதி கிடையாது. அங்கே பெஞ்சை மழைச்சாரல் படாமல் கொஞ்சம் உள்தள்ளிப் போடுவதும், ஆண்டுக்கொருமுறை சோப்பு நீரும் நார்க் கத்தையுமாக ரேகைக்குக் குறுக்கே ஒரு தேய்ப்பும் போதும்.

எண்ணெய் பூசியே தீருவேன் என்பவர் துடைத்த துணியை மட்டும் கவனிக்க வேண்டும். ஆக்சிஜனைப் பிடிக்கும் வேலையில் வெப்பம் வெளிப்படும். பலகையில் அது காற்றோடு போய்விடும். கசக்கிச் சுருட்டி மூலையில் எறிந்த துணிக்குள்ளோ வெப்பம் வெளியேற வழியில்லாமல் சேரும். சேர்ந்த சூடு வினையை இன்னும் விரட்டும். சில மணி நேரத்தில், தீக்குச்சி எதுவும் இல்லாமலேயே, துணி தானாகப் பற்றிக்கொள்ளும். படகுப் பட்டறைகளையும் வீடுகளையும் இந்தத் தீ எரித்திருக்கிறது. துணியை நீர் நிரம்பிய தகர டப்பாவில் போட்டு மூடலாம். அல்லது வெட்டவெளியில் ஒற்றையாக விரித்துக் காயவைக்கலாம்; எண்ணெய் முழுக்க இறுகி அட்டைபோல் விறைத்த பிறகே அது ஆபத்தில்லாத துணி.